எதை முதலில் எடுப்பது

"எதை முதல்ல எடுக்கட்டும்னு யோசிச்சு வைங்கண்ணா. டிஸ்க்கு சித்த நேரம் ஆறட்டும், நான் டீ குடிச்சுட்டு வந்து ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கெட்டுப்போன டிஸ்க்குகளை ரிப்பேர் பார்க்கிற ஹசீனா படியிறங்கிப் போய்விட்டாள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் யோசித்து வைக்கிற சமாசாரமா இது? நாச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பச்சை ரப்பர் விரிப்பின் மேல் அவனுடைய ஹார்ட் டிஸ்க் கிடந்தது, மேலே கையகல ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்த டிஸ்க். பக்கத்து சீட்டுக்காரர் உள்ளே என்ன பலகாரமா என்று கேட்டார். உள்ளே தட்டைப் படிக்கிற ஹெட் போய்விட்டது என்றாள் ஹசீனா, பழைய ரிக்கார்டு பெட்டியின் முள் மாதிரி என்று இவன் புரிந்துகொண்டான். தூசி புகாத கூண்டுக்குள் வைத்துத் திறந்து, இதே மாடல் டிஸ்க் ஒன்றை எங்கெங்கோ விசாரித்துப் பிடித்து, அதன் முள்ளைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறாள். இரவல் முள். ஓடுகிறது, உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்கிற பட்டியலும் திரையில் வந்துவிட்டது. ஆனால் தட்டில் ஏற்கெனவே கீறல், கீறலில் பட்டுப் பட்டு இந்த முள்ளும் போகும், எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனாலும் போகும், ஒரு பாட்டு கேட்கிற நேரத்தில் போனாலும் போகும், இன்னொரு முள்ளுக்கு வழியில்லை. அதனால்தான் கேட்கிறாள். பட்டியலில் அவனுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று கோகிலாவின் கல்யாண வீடியோ. இன்னொன்று சாந்தாமணியின் குரல். சாந்தாமணி அவன் சம்சாரம், கோகிலா யாரோ. சம்சாரமா யாரோவா என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடப் பதில் சொல்லிவிடும். அப்புறம் எதற்கு இவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்?

யாரோதான். போன வருஷம் வைகாசியில் மலைக்கோயிலில் கல்யாணம், பெண் வீட்டிலும் ஆள் இல்லை, மாப்பிள்ளை வீட்டிலும் ஆள் இல்லை, மாப்பிள்ளையின் சேக்காளிகள் இரண்டு பேர், ஒரு பூசாரி, அப்புறம் கேமராவோடு இவன். ஆல்பம் வாங்க வருகிறோம் என்று போனவர்கள் வரவேயில்லை. வாங்காத கல்யாணங்கள் எல்லாம் ஒரே டிஸ்க்கில் கிடக்கும், ஸ்டுடியோக்காரன் வழக்கம் அதுதான், கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். போன வாரம் அந்தப் பெண் மட்டும் வந்து நின்றது. கழுத்து எலும்பு தெரிந்தது. "அண்ணா, அவரை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அடைச்சு வெச்சுட்டாங்கண்ணா. வர்ற முகூர்த்தத்துல வேற பொண்ணு பேசி முடிச்சாச்சு. எங்களுக்குக் கல்யாணமே ஆகலைங்கறாங்க." சேக்காளிகளும் பூசாரியும் நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள், அவள் போனை மாப்பிள்ளையின் மாமன் பிடுங்கி உடைத்துவிட்டான், கயிற்றை அவளே கட்டிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது என்று பத்துப் பேர் நடுவில் கேட்டிருக்கிறான். வக்கீல், வீடியோ இருந்தால் கொண்டு வா, தடை வாங்கலாம் என்றாராம். இவன் என்ன செய்தான், பெரிய மனுஷத் தோரணையில், "இருக்குது கண்ணு, நம்மகிட்ட எதுவும் எங்கயும் போவாது" என்று சிரித்துக்கொண்டே டிஸ்க்கை எடுத்துச் சொருகினான். டிக். டிக். டிக். அந்தப் பெண் அது வேலை செய்கிற சத்தம் என்று நினைத்து நம்பிக்கையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவனுக்கு மட்டும் அது டிஸ்க் சாகிற சத்தம் என்று தெரிந்தது. கோகிலா கல்யாணம் போயிற்றே என்றா பதறினான்? இல்லை. பொய் சொல்லக் கூடாது. அந்த டிக்கைக் கேட்டதும் முதலில் நினைத்தது சாந்தாமணியைத்தான், ஐயோ சாந்தா என்றுதான் உள்ளே கத்தினான், எதிரே நிற்கிற பெண் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. அப்படியானால் அதுவே பதிலில்லையா? டீ குடிக்கப் போனவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டியதுதானே? எழுந்து படி வரைக்கும் போனான், திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

எத்தனை தடவை சொருகினீர்கள் என்று ஹசீனா கேட்டபோது இரண்டு மூன்று தடவை இருக்கும் என்று கூசாமல் சொன்னான். இரண்டு மூன்றா! பிடுங்கிச் சொருகினான், வேறு வயரில் சொருகினான், கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டுச் சொருகினான், தலைகீழாக வைத்துச் சொருகினான். செல்போன் கடை வைத்திருக்கிற பங்காளி ஒருவன், பாலித்தீன் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வை, ராத்திரி முழுக்கக் குளிர்ந்தால் ஓடும், நான் எத்தனை பார்த்திருக்கிறேன் என்றான். வைத்தான். காலையில் பார்த்தால் டிஸ்க் இடம் மாறி மேல் தட்டில் இருந்தது, இட்லி மாவு பொங்கி அதன்மேல் வழிந்துவிடக் கூடாது என்று சாந்தாமணி தூக்கி வைத்திருந்தாள், ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை, கேட்பதற்கு இப்போது அவளுக்குக் குரலும் இல்லை. ஹசீனாவுக்குக் கோபம் வந்தது. "குளுந்ததை வெளிய எடுத்தா உள்ள தண்ணி கோத்துக்காதுங்களாண்ணா? ஒவ்வொரு தடவை கரண்ட் குடுக்கறப்பவும் அந்த ஹெட்டு தட்டைச் சுரண்டிருக்குது. மொத டிக்கிலயே கழட்டி அப்படியே கொண்டு வந்திருந்தீங்கன்னா பாதி வேலை மிச்சம்." அவள் முறை வேறு, அசல் டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதக் கூடாது, படிக்க மட்டும் செய்து, உள்ளது உள்ளபடி இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, நோண்டுவதெல்லாம் நகலில்தான். படித்த வித்தை. இவனுக்குத் தெரிந்த வித்தை சொருகிப் பார்ப்பது. ஒவ்வொரு சொருகலுக்கும் எது போயிருக்கும்? வட்டமாகச் சுரண்டும் என்றாள். ஒரு வட்டத்தில் என்ன இருந்திருக்கும், யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்தா, இல்லை சாந்தாமணி "ஏனுங்க" என்று இழுக்கிற இழுப்பா? அந்த "ஏனுங்க"வில் கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். ஏறுமா? ஏறும் என்று தெரிகிறது, ஆனால் காதுக்குள் அது வரமாட்டேன் என்கிறது. மெட்டு வருகிறது, குரல் வரவில்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தான், வந்தது அவனுடைய சொந்தக் குரல், அவளைப் போலப் பேசிக் காட்டுகிற அவனுடைய குரல். பத்தொன்பது வருஷம் கேட்ட குரல் எட்டு மாதத்தில் போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பான்.

ஊர்க் கல்யாணத்தை எல்லாம் பதிந்து வைத்தவன் வீட்டில் பெண்டாட்டி குரல் இல்லை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் நிஜம். சொந்தபந்தத்தில் எடுத்த வீடியோவில் எல்லாம் பேச்சை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவான், அதுதான் நேர்த்தி என்று நினைத்தான். வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை, எதுவானாலும் போன் போட்டுத்தான் பேசுவாள், போனில் பேசியது காற்றோடு போயிற்று. தொண்டையில் புற்று, குரல்வளையை எடுக்க வேண்டும் என்று முடிவானபோது ஆஸ்பத்திரி நர்ஸ்தான் சொன்னாள், முன்னாடியே குரலைப் பதிஞ்சு வெச்சுக்கங்க, அப்புறம் தேடுவீங்க என்று. ஸ்டுடியோவில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தான். எதைப் பேசுவது என்று தெரியவில்லை அவளுக்கு. பேப்பரைக் கொடுத்தான், தக்காளி விலை வரைக்கும் வாசித்துவிட்டுச் சிரித்தாள். "ஆருகிட்டப் பேசறேன்னே தெரியாம எப்படிங்க பேசறது? நீங்க இங்க வந்து எதிர்க்க உக்காருங்க." உட்கார்ந்தான். அப்புறம் பேசினாள், பொழுது சாய்கிற வரைக்கும் பேசினாள், கரகரப்போடுதான், நடுநடுவே தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினாள். மகள் பிறந்த அன்றைக்கு மழை என்றாள், மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி கூப்பிட்டாள், அவள் புருஷன் வந்தால் இதைப் போட்டுக் காட்டுங்கள் என்று வராத மருமகனிடம் ஏதோ சொன்னாள், இவனைத் திட்டினாள். எதற்குத் திட்டினாள்? அதுதான் ஞாபகம் இல்லை. இவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தானே தவிர, கண் ஓரம் முழுக்க மீட்டரில் இருந்தது, சத்தம் சிவப்பைத் தொடுகிறதா என்று. பதிவாகிறதே, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அப்புறம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் ஆசையாக ஒரு நாள் முழுக்கப் பேசியது என்ன என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவளிடம் போய் என்ன பேசினாய், கொஞ்சம் எழுதிக் காட்டு என்று கேட்பானா? நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது, எதிரே ரிப்பேருக்கு வந்த பிரிண்டரைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தச் சந்தனத்தைத்தான் தாங்க முடியவில்லை. ஆயுத பூஜைக்குக் கேமரா, லைட், ஸ்டாண்டு, டிஸ்க்குகள் எல்லாம் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் எழுந்து செய்த முதல் பூஜை. கழுத்தில் ஓட்டையை மறைத்து மெல்லிய துணி கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். டிஸ்க்கின் லேபிளில் சின்னதாக ஒரு வளையம் போட்டு நடுவில் ஊசிக்கண் போல ஓர் ஓட்டை இருக்கும். பொட்டு வைக்க என்றே கம்பெனிக்காரன் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போல, கச்சிதமாக அந்த வட்டத்துக்குள், வழிய வழிய, ஈரச் சந்தனம். இந்த ஓட்டையை மூடாதே என்று பக்கத்திலேயே இங்கிலீஷில் எழுதியிருந்தது. இவன் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான். துடைத்துவிடலாம் என்று கை போனது, அவள் முகம் அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது, விட்டுவிட்டான். அன்று சாயந்தரம் எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஒரு நகல் போட்டுவிடுவது என்று இருந்தான், பூஜையில் வைத்ததை இன்றைக்குத் தொடக் கூடாது என்று அவள் விரலை ஆட்டினாள், அந்தப் புது டிஸ்க்கும் பெட்டி பிரிக்காமல் பொட்டோடு அங்கேயே இருந்தது, இன்னும் இருக்கிறது, காலியாக, பத்திரமாக. மறுநாள் கடையைத் திறந்ததும் கல்யாண சீசன், நகல் மறந்தே போயிற்று. இங்கே டிஸ்க்கை வாங்கியதும் ஹசீனா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மூச்சு விடற ஓட்டைங்ணா, இதை அடைக்கக் கூடாது" என்றாள். ஆஸ்பத்திரியில் சாந்தாமணியின் கழுத்தைக் காட்டி நர்ஸ் சொன்ன அதே வார்த்தை. இவன் கையைக் கட்டிக்கொண்டு அங்கே நின்ற மாதிரியே இங்கேயும் நின்றான். "இதனாலதான் போச்சுங்களா?" "சொல்ல முடியாதுண்ணா. உள்ள ஃபில்டர் இருக்குது. வயசாயிருச்சு டிஸ்க்குக்கு, எங்கயாச்சும் தட்டுப்பட்டும் இருக்கும்." சொல்ல முடியாது என்றால் இருக்கலாம் என்று அர்த்தம். சாந்தாமணியிடம் டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறான். அவள் விரலே அவள் குரலை அடைத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால்? தெரியாமல் இருக்க வேண்டுமானால் குரல் கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டால் ஒரு கேள்வியும் வராது. அவ்வளவுதான், முடிந்தது கணக்கு, சாந்தாமணிதான் முதலில், கோகிலாவுக்கு ஆண்டவன் இருக்கிறான்.

போன் அடித்தது. கோகிலா. எடுக்காமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டை விரல் எடுத்துவிட்டது. "அண்ணா, ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களாண்ணா?" பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற இரைச்சல், பனியன் கம்பெனியில் நின்று பேசுகிறது. "பாத்துட்டு இருக்காங்க கண்ணு." "கெடைக்குங்களா?" "பாக்கலாம்." "கெடைக்கலீன்னாலும் சொல்லிருங்கண்ணா. எனக்கே சில நேரம் சந்தேகமா இருக்குது, நெசமாலுமே கட்டுனாரா, நானா நெனைச்சுக்கிட்டனான்னு. அத்தனை பேரு இல்லைங்கறாங்களே." இவன் வாய்க்குள், கட்டினான் கண்ணு, நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று வந்தது. யார் கண்ணால்? கேமரா கண்ணால் பார்த்தான், முகத்தை ஃபோகஸ் செய்துகொண்டிருந்தான், வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தவன் வந்து சொன்னால் போதாதா கோர்ட்டில்? ஸ்டுடியோக்காரன் சொல்லுக்கு என்ன மதிப்பு, எத்தனை வாங்கினாய் என்று கேட்பார்கள். "நான் கூப்படறேன் கண்ணு" என்று வைத்துவிட்டான். வைத்ததும் திரையில் சாந்தாமணியின் செய்தி கிடந்தது. சாப்டீங்களா. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. டிஸ்க் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பான்.

ஹசீனா வந்துவிட்டாள், கையில் உறை மாட்டிக்கொண்டே, "சொல்லுங்கண்ணா" என்றாள். ஒரு நிமிஷம் என்றான். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது, கடன்காரனுக்கு வருகிற மாதிரியான கெட்டிக்கார யோசனை. சாந்தாமணி பேசியது ஒரு பொழுது முழுக்க, அது பெரிசு. கோகிலா கல்யாணத்தில் முழுசும் வேண்டாம், தாலி கட்டுகிற ஒரே ஒரு துண்டு, அது சின்னது, சட்டென்று முடிந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு மிச்ச நேரம் முழுக்கச் சாந்தாமணிக்கு. இரண்டு பேரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. நல்ல மனசால் இதைச் சொன்னானா, பயத்தால் சொன்னானா, பங்கு பிரிக்கிற புத்தியால் சொன்னானா என்று அவனுக்கே தெரியாது. "கோகிலாங்கற ஃபோல்டர்ல தாலி கட்டறது ஒண்ணே ஒண்ணு. அது முடிஞ்ச உடனே சாந்தாமணி. உடனே." ஹசீனா தலையை ஆட்டினாள். டிஸ்க் சுற்றத் தொடங்கியது, மெல்லிய ரீங்காரம், டிக் இல்லை. திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது, நிற்கும்போதெல்லாம் அவன் மூச்சும் நின்றது, போதும் விடு, அவளுக்கு மிச்சம் வை, அவளுக்கு மிச்சம் வை என்று உள்ளே யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். கோடு நிறைந்தது. "வந்துருச்சுண்ணா." அடுத்த ஃபோல்டரைத் தொட்டாள். பச்சை ஒரு நூல் அளவு வந்தது. ரீங்காரம் மாறியது. அரிவாள்மணையைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற சத்தம். ஹசீனா பாய்ந்து கரண்டை நிறுத்தினாள். கூண்டுக்குள் கொண்டுபோய்த் திறந்து, லென்ஸை வைத்து, வெகுநேரம் குனிந்திருந்தாள். "போச்சுங்ணா. தட்டுல பூச்சே உரிஞ்சு வந்துருச்சு." "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாமுங்க. ஒரே தடவை." "போடறதுக்கு அங்க ஒண்ணுமில்லைங்ணா." இன்னொரு தடவை என்றான். அவள் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்காரவில்லை. ஐயோ, கொடுத்துவிட்டேனே, யாரோ ஒருத்திக்கு உன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே சாந்தா. கோகிலாவின் மேல் அப்போது வந்த வெறுப்பு அவனையே பயமுறுத்தியது.

"எடுத்தது நல்லா ஓடுதான்னு பாத்துருங்கண்ணா" என்று ஹசீனா நகலிலிருந்து அந்தத் துண்டைப் போட்டாள், பேச்சை மாற்றுவதற்காகவும் இருக்கலாம். மலைக்காற்று மைக்கில் மோதுகிற சத்தம், பூசாரியின் முணுமுணுப்பு. கோகிலா தலை குனிந்து நிற்கிறது, மாப்பிள்ளை முகம் பளிச்சென்று, எந்தக் கோர்ட்டும் இல்லையென்று சொல்ல முடியாதபடி தெரிகிறது. லைட் அந்தப் பெண்ணின் முகத்தில் ஆடாமல் விழுகிறது. அன்றைக்கு லைட் பிடிக்கிற ஆள் வரவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது, யார் பிடித்தார்கள் என்பது உறைப்பதற்குள் மைக்குக்கு வெகு பக்கத்தில், லைட்டுக்குப் பின்னாலிருந்து, சாந்தாமணி பேசினாள். "அழுகாத கண்ணு, ஆரும் வரலீன்னா என்ன, நானிருக்கறேன், நல்லா இருக்கோணும் சா..." கரகரத்த குரல், அப்போதே கரகரத்திருக்கிறது, ஆனால் அவளுடையது, ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கொஞ்சம் மேலே ஏறுகிறது. நாச்சிமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டான். அந்தச் "சாமி" முடிவதற்கு முன்னால் இன்னொரு குரல் அவளை வெட்டிக்கொண்டு வந்தது, கணீரென்று, எரிச்சலோடு, அவனுடைய குரல். "ஏய், நீ சித்த வாய மூடு. எல்லாம் ஆடியோல விழுகுது." ஹசீனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சத்தமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, இது போதும் அந்தப் பெண்ணுக்கு என்றாள். அவன் இன்னும் வரும், இன்னும் ஒரு வார்த்தையாவது வரும் என்று ஸ்பீக்கரிடம் குனிந்தான். கயிறு கழுத்துக்குப் போனது, முடிச்சு விழுந்தது, பூ விழுந்தது, மாலை மாற்றினார்கள், லைட் கடைசிவரை ஆடவில்லை. பதிவு முடிகிற வரைக்கும் சாந்தாமணி வாயைத் திறக்கவே இல்லை.